படகோட்டியின் சொல்

(மார்ச் 19, புனித யோசேப்பு பெருவிழாவன்று வானொலியில் வழங்கப்பட்ட மறையுரை)



இன்று நம் தாய்த் திருஅவை புனித யோசேப்பின் பெருவிழாவைக் கொண்டாடுகிறது. அவரை நல்மரணத்தின் பாதுகாவலர் என்று அழைக்கிறோம். ஒரு பக்கம் இயேசு, மறுபக்கம் மரியா இருக்க அவர் கண்மூடினார் என்பது நம் முன்னோர் நமக்குத் தந்த நம்பிக்கை. இதே மார்ச் 19-ஆம் நாளில் இன்னொரு மரணமும் நிகழ்ந்தது. அருகில் ஒருவரும் இல்லாமல், இருட்டில், கடலோரத்தில் இறந்துபோனார் ஓர் அரசர். ஆண்டு 1286. நாடு ஸ்காட்லாந்து. அவர் பெயர் மூன்றாம் அலெக்சாண்டர்.

நான் சில ஆண்டுகள் அந்த நாட்டில் பங்குப்பணி செய்தேன். பர்ன்டிஐலண்ட் என்ற ஊரிலிருந்து கிங்ஹார்ன் என்ற ஊருக்குப் போகும் சாலை கடலை ஒட்டியே செல்கிறது. அந்தச் சாலையோரத்தில், உச்சியில் சிலுவை தாங்கிய ஒரு கல் நினைவுச்சின்னம் நிற்கிறது. அரசர் இறந்த 600-ஆம் ஆண்டின் நினைவாக எழுப்பப்பட்டது. கீழே ஃபோர்த் கழிமுகம் விரிந்து கிடக்கிறது. வானம் தெளிவாக இருந்தால் அக்கரையில் எடின்பரோ நகரம் தெரியும். எத்தனையோ முறை அதைக் கடந்து போயிருக்கிறேன். ஒருமுறைகூட வண்டியை நிறுத்தியதில்லை. ஒரு தவக்காலத்தில், இதே மார்ச் 19 அன்று, நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அரசரின் கதை.

அலெக்சாண்டர் கெட்ட அரசர் அல்லர். ஏழு வயதில் அரியணை ஏறியவர். நார்வே அரசோடு நீண்ட நாள் இருந்த பூசலை 1266-இல் உடன்படிக்கை செய்து முடித்து, மேற்குத் தீவுகளைத் தம் நாட்டோடு சேர்த்தவர். அவர் குலத்தின் முன்னோருள் ஒருவர்தான் ஸ்காட்லாந்தின் புனித மார்கரெட். 1250-இல் டன்ஃபெர்ம்லின் மடத்துக் கோவிலில் அந்தப் புனிதையின் திருப்பண்டங்களைப் புதிய இடத்தில் நிறுவியபோது, சிறுவனாக இவரும் அங்கே இருந்தார். இன்று இவருடைய கல்லறையும் அதே கோவிலில்தான்.

ஆனால் அவருடைய வீட்டில் சாவு மேல் சாவு. 1275-இல் மனைவி இறந்தார். 1281-இல் இளைய மகன். 1283-இல் நார்வே அரசியாக இருந்த மகள். 1284-இல் மூத்த மகன். மூன்று பிள்ளைகளையும் மூன்று ஆண்டுகளில் அடக்கம் செய்த தகப்பன் அவர். மகள் பெற்ற கைக்குழந்தை ஒன்றுதான் மிச்சம். அதுவும் கடலுக்கு அப்பால் நார்வேயில். ஆகவே 1285-இல் யோலந்த் என்ற பிரெஞ்சு இளம்பெண்ணை மறுமணம் செய்துகொண்டார்.

அடுத்த ஆண்டு மார்ச் மாதம். எடின்பரோ கோட்டையில் பிரபுக்களோடு ஆலோசனைக் கூட்டம், பிறகு விருந்து. வெளியே புயல். மனைவியோ அக்கரையில், கிங்ஹார்ன் மாளிகையில் இருந்தார். அன்றிரவே அங்கே போய்விட வேண்டும் என்று அரசர் புறப்பட்டுவிட்டார்.

அதன்பின் நடந்ததை லேனர்காஸ்ட் குறிப்பேடு என்ற பழைய நூல் சொல்கிறது. படகுத்துறைக்கு வந்தபோது, இந்தக் காற்றில் போக வேண்டாம், திரும்பிப் போய்விடுங்கள் என்று படகோட்டி எச்சரித்தார். என்னோடு சாகப் பயமா என்று அரசர் கேட்டாராம். அதற்குமேல் அந்த ஏழை என்ன செய்ய முடியும்? படகை எடுத்தார். அக்கரையில் இன்வர்கீதிங் என்ற ஊர். அங்கே அரசரின் உப்பு காய்ச்சும் தொழிலைக் கவனித்து வந்தவர், இரவு இங்கேயே தங்குங்கள், விடிந்ததும் போகலாம் என்று மன்றாடினார். அரசர் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டு, வழிகாட்ட ஆள் மட்டும் கேட்டார். கொஞ்ச தூரத்திலேயே இருட்டிலும் புயலிலும் அவரும் உடன் வந்தவர்களும் பிரிந்துபோனார்கள். குதிரை இடறியது. கிங்ஹார்ன் மிக அருகில்தான். ஆனால் அரசர் வீடு போய்ச் சேரவில்லை. அவருக்கு வயது 44.

அன்பார்ந்தவர்களே, அந்தக் குதிரை இடறியதில் ஒரு மனிதர் மட்டுமா விழுந்தார்? அரியணைக்கு உரிமையாக இருந்தது மூன்று வயதுகூட நிறையாத பேத்தி. அந்தக் குழந்தையும் 1290-இல் ஸ்காட்லாந்துக்கு வரும் வழியில் ஓர்க்னி தீவுகளில் இறந்துபோனது. அரியணைக்குப் பலர் போட்டியிட்டார்கள். இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டு தீர்ப்பு சொல்ல வந்தார், பிறகு படையோடு வந்தார். 1296-இல் போர் மூண்டது. எத்தனை ஊர்கள் எரிந்தன, எத்தனை தாய்மார் பிள்ளைகளை இழந்தார்கள்! அவ்வளவுக்கும் அந்த ஓர் இரவு மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாசலைத் திறந்துவிட்டது அந்த இரவுதான்.

இனி, நான் ஏன் வண்டியை நிறுத்தினேன் என்று சொல்கிறேன். அந்த ஆண்டு பனிக்காலத்தில், பங்கைச் சேர்ந்த வயதான ஒரு தாயை மாலையில் சந்திக்கப் போனேன். கிளம்பும்போது அவர், ‘ஃபாதர், ரோடு உறைந்து கிடக்கிறது, இரவு இங்கேயே தங்கிவிட்டுக் காலையில் போங்களேன்’ என்றார். எனக்கோ மறுநாள் காலைத் திருப்பலி. ‘கடவுள் பார்த்துக்கொள்வார் அம்மா’ என்று சிரித்தேன். ‘சரி, போய்ச் சேர்ந்ததும் ஒரு போனாவது போடுங்கள்’ என்றார். பாதி வழியில் கார் வழுக்கிச் சாலையோரக் கற்சுவரில் மோதியது. எனக்குக் காயம் எதுவும் இல்லை. இரண்டு மணி நேரம் குளிரில் நின்று, ஒருவழியாக வீடு சேர்ந்து படுத்துவிட்டேன். போன் போட மறந்துவிட்டேன். அந்தத் தாய் விடியும்வரை தூங்காமல், போனுக்கு அருகிலேயே செபமாலையோடு உட்கார்ந்திருந்தார் என்பது பல நாள் கழித்து வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகும் அவரிடம் போய் ஒரு வார்த்தை பேசவில்லை. வெட்கம்.

நினைவுச்சின்னத்தின் முன் நின்றபோது எனக்கு அரசரைவிடப் படகோட்டியின் ஞாபகம்தான் வந்தது. மறுநாள் செய்தியைக் கேட்டு அந்த மனிதர் எப்படித் துடித்திருப்பார்! சொன்னோமே, கேட்கவில்லையே என்று எத்தனை நாள் புலம்பியிருப்பார்!

‘கடவுள் பார்த்துக்கொள்வார்’ என்பது நல்ல சொல்தான். ஆனால் தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று நாம் கேட்ட நற்செய்தியை நினைத்துப் பாருங்கள். கோவிலின் உச்சியிலிருந்து குதி, வானதூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று அலகை சொன்னபோது ஆண்டவர் குதிக்கவில்லை. தந்தையை நம்புவது வேறு, தந்தையைச் சோதிப்பது வேறு. நான் செய்தது இரண்டாவது.

யோசேப்பும் இரவில் பயணம் போனவர்தான். மத்தேயு நற்செய்தி 2-ஆம் அதிகாரத்தில் பார்க்கிறோம். கனவில் எச்சரிக்கை கேட்டதும் எழுந்தார், குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு அந்த இரவிலேயே எகிப்துக்குப் புறப்பட்டார். ஆகவே இரவுப் பயணம் தவறில்லை. மனைவியைப் பார்க்க ஆசைப்பட்டதும் தவறில்லை. யோசேப்பை அனுப்பியது ஆண்டவரின் சொல். அரசரை அனுப்பியது அவருடைய அவசரம். யோசேப்புக்கு எச்சரிக்கை வானதூதர் வழியாக வந்தது. அரசருக்கு ஒரு படகோட்டி வழியாக, ஓர் உப்புத் தொழிலாளி வழியாக வந்தது. வானதூதர் சொன்னால் நாமும் கேட்போம். படகோட்டி சொன்னால்?

நம் வீட்டிலும் ஒரு படகோட்டி இருக்கிறார். ‘இந்த மழையில் வண்டி எடுக்காதே’ என்று சொல்லும் அம்மா. ‘இன்றைக்குக் குடிக்காதீங்க’ என்று கெஞ்சும் மனைவி. ‘இந்தக் கடன் வேண்டாம் அப்பா’ என்று தயங்கித் தயங்கிச் சொல்லும் மகள். சின்னவர்கள் சொல்வதால் சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். ஆண்டவர் அவர்கள் வாயால் பேசுகிறார் என்பதை மறந்துவிடுகிறோம்.

நினைவுச்சின்னத்தைப் பார்த்த மறுநாள் அந்தத் தாயிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னார்: ‘மன்னிப்பெல்லாம் இருக்கட்டும் ஃபாதர். அடுத்த முறை சேர்ந்ததும் போன் போடுங்கள்.’

இன்று இரவு தூங்கப் போகுமுன் உங்கள் படகோட்டி யார் என்று எண்ணிப் பாருங்கள். அவரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள்.

நல்மரணத்தின் பாதுகாவலரான புனித யோசேப்பே, எளியவர் வழியாக இறைவன் சொல்வதைக் கேட்கும் மனதை எங்களுக்குப் பெற்றுத் தாரும். இருட்டில் பயணம் செய்யும் அனைவரையும் அவரவர் வீட்டில் கொண்டுபோய்ச் சேரும். ஆமென்.