விளாவும் குழாய்



தமிழில் ‘விளாவுதல்’ என்று ஒரு சொல் உண்டு. கொதிக்கிற வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் சேர்த்து, உடம்பு தாங்குகிற சூட்டுக்குக் கொண்டுவருவது. இந்த ஒரு வேலைக்கென்றே நம் ஆட்கள் ஒரு வினைச்சொல்லை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

சின்ன வயதில் தாராவியில் எங்கள் அறையில் அந்த வேலை அம்மாவுடையது. அறையின் ஒரு மூலையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்பு, தரையில் தண்ணீர் போக ஓர் ஓட்டை. அதுதான் மோரி. பாத்திரம் துலக்குவது, துணி துவைப்பது, குளிப்பது எல்லாம் அங்கேதான். விடியுமுன் குழாயில் தண்ணீர் வரும், நீல டிரம்மில் பிடித்து வைப்போம். அம்மா முதலில் வாளியில் பச்சைத் தண்ணீர் எடுப்பாள். அதற்கப்புறம்தான் ஸ்டவ்வில் காய்ந்த வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவாள். மணிக்கட்டுவரை கையை விட்டுக் கலக்கிப் பார்த்துவிட்டு, “ம், இப்ப ஊத்துலே” என்பாள். ஒரு நாளும் சுட்டதில்லை, குளிர்ந்ததும் இல்லை.

2024 பிப்ரவரியில், இப்போது நாங்கள் இருக்கிற செம்பூர் வீட்டுக் குளியலறையை இடித்துப் புதுப்பித்தோம். அப்போதுதான் தெரிந்தது, அம்மாவின் கை செய்த வேலையைச் சுவரில் செய்ய வைப்பது எவ்வளவு பெரிய பாடு என்று. கடையில் அதற்குப் பெயர் மிக்சர். தின்கிற மிக்சர் இல்லை. அது தாராவியில் இதைவிட மலிவாகவும் நன்றாகவும் கிடைக்கும்.

கடைக்குப் போனால் தலை சுற்றும், ஆனால் விஷயம் சின்னதுதான். வால் மிக்சர் என்பது சுவருக்கு வெளியே தெரிகிற பழைய மாதிரி. இடது பக்கத் திருகு வெந்நீருக்கு, வலது பக்கம் பச்சைத் தண்ணீருக்கு, கீழே வாளிக்கு ஒரு மூக்கு, மேலே ஷவருக்கு ஒரு வழி. டைவர்ட்டர் என்பது உடம்பு முழுக்கச் சுவருக்குள் புதைந்து, ஒரு தகடும் ஒரு கைப்பிடியும் மட்டும் வெளியே தெரிவது. என் மகன் டைவர்ட்டர்தான் கேட்டான். பார்க்க அழகு, மறுக்கவில்லை. அதன் உள்ளே இருக்கிற கார்ட்ரிட்ஜை முன்பக்கமாகவே கழற்றி மாற்றலாம் என்பதும் உண்மை. ஆனால் சுவருக்குள் இருக்கிற இணைப்பு கசிந்தால் ஓடு உடைக்காமல் வழியில்லை. வால் மிக்சரில் கசிவு கண்ணுக்கு எதிரே சொட்டும், ஒரு ஸ்பேனரும் ஒரு வாஷரும் போதும். நான் கஞ்சன் என்று மகன் நினைத்துக்கொண்டான். நினைத்துக்கொள்ளட்டும்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு, தெர்மோஸ்டாட் வைத்தது. அதற்குள் ஒரு மெழுகுச் சிமிழ் இருக்கிறது. சூடு கூடினால் மெழுகு விரிந்து வெந்நீர் வழியைக் குறுக்கும், சூடு குறைந்தால் சுருங்கித் திறந்துவிடும். மெழுகால் செய்த அம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை கேட்டால் பல மடங்கு.

எதை வாங்கினாலும் சரி, முதலில் பார்க்க வேண்டியது மொட்டை மாடித் தொட்டியை. மிக்சருக்குள் இரண்டு தண்ணீர் சந்திக்கின்றன. இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வந்தால்தான் விளாவ முடியும். ஒன்று முரட்டுத்தனமாகவும் மற்றது தயங்கியும் வந்தால், முரட்டுத் தண்ணீர் மற்றதை வந்த வழியே தள்ளிவிடும். இந்த வேகம் எங்கிருந்து வருகிறது? உயரத்திலிருந்து. 10 மீட்டர் உயரத் தண்ணீருக்கு, பிளம்பர்கள் பாஷையில் சொன்னால், ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம். நாங்கள் ஏழு மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி. தொட்டியிலிருந்து எங்கள் ஷவருக்கு 15 மீட்டர் இறக்கம், அதனால் ஒன்றரைக் கிலோ கிடைக்கிறது.

மாட்டுங்காவில் என் நண்பர் ஒருவர் பழைய மூன்று மாடிக் கட்டடத்தில் மேல் மாடியில் இருக்கிறார். தொட்டிக்கும் அவர் ஷவருக்கும் நடுவே 3 மீட்டர் இருந்தால் அதிகம், அதாவது கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. அவரோ தாம்பாளம் அளவுக்கு ஒரு மழை ஷவர் வாங்கி மாட்டிவிட்டு என்னை அழைத்துக் காட்டினார். திருகைத் திறந்தால், சிவலிங்கத்துக்கு மேலே தொங்குகிற தாராபாத்திரம்போலச் சொட்டுச் சொட்டாக விழுகிறது. அந்த ஷவரின் அட்டைப்பெட்டியிலேயே 1 கிலோ அழுத்தம் வேண்டும் என்று அச்சிட்டிருந்தது. போதாக்குறைக்கு, அவர் வீட்டுக் குழாய்கள் பழைய ஜி.ஐ. குழாய்கள். வெட்டி எடுத்த ஒரு துண்டைக் காட்டினார். அரை அங்குலக் குழாய்க்குள் துருப் படிந்து படிந்து, பென்சில் நுழைகிற அளவு ஓட்டைதான் மிச்சம்.

அந்த மாட்டுங்காக் கட்டடங்களுக்கே ஒரு கதை உண்டு. 1896-ல் பம்பாயில் பிளேக் வந்து, 1898-ல் நகரச் சீரமைப்புக்கென்று இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அமைத்தார்கள். தாதரும் மாட்டுங்காவும் அவர்கள் வகுத்த மனைகள். அங்கே எழுந்த பிளாட்டுகளில் குளியலறையும் கழிப்பறையும் வீட்டுக்குள்ளேயே வந்தன. சால் எனும் ஒற்றை அறைக் குடியிருப்புகளில் வராந்தாக் கோடியில் எல்லோருக்கும் பொதுவாக இருந்தவை அவை. ஆசாரமான தென்னிந்தியக் குடும்பங்களுக்குக் கழிப்பறையோடு ஒரே கூரையின் கீழே வாழ்வது எவ்வளவு சங்கடமாக இருந்தது, எப்படிப் பழகிக்கொண்டார்கள் என்று வரலாற்றாசிரியர் நிகில் ராவ் 2013-ல் வெளிவந்த தன் நூலில் எழுதியிருக்கிறார். வீட்டுக்குள் குளியலறை வந்த பிறகுதானே சுவருக்குள் குழாய், குழாய்க்குள் கசிவு, கசிவுக்குக் கீழ்வீட்டுக்காரர் சண்டை எல்லாம்.

இரண்டு தண்ணீரின் வேகம் ஒத்துப்போகாத கதை வெளிநாட்டிலும் உண்டு. லண்டனில் பழைய வீடுகளில் தங்கியவர்களுக்குத் தெரிந்திருக்கும், வாஷ்பேசினில் வெந்நீருக்கு ஒரு குழாய், பச்சைத் தண்ணீருக்கு ஒரு குழாய், தனித்தனியாக. ஒன்றில் கை வெந்துபோகும், மற்றதில் விறைத்துப்போகும். வெள்ளைக்காரனுக்கு விளாவத் தெரியாது என்று என் மாமா ஒருவர் சொல்வார். காரணம் அதுவல்ல. பச்சைத் தண்ணீர் தெருக்குழாயிலிருந்து நேராக முழு அழுத்தத்தோடு வந்தது, வெந்நீர் பரணில் இருந்த தொட்டியிலிருந்து மெதுவாக இறங்கியது. இரண்டையும் ஒரு குழாயில் கலந்தால் தொட்டித் தண்ணீர் குடிநீர்க் குழாய்க்குள் திரும்பிப் போய்விடும் என்று விதிகளே தடுத்தன. நம் ஊரிலும் சில கட்டடங்களில் சமையலறைக்கு மாநகராட்சி நேர் லைன் வருகிறது. வேகமாக வருகிறதே என்று அதை மிக்சரின் பச்சைத் தண்ணீர்ப் பக்கம் கோத்துவிடாதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே தொட்டியிலிருந்து வரட்டும்.

இனி சுவருக்கு வருவோம். எங்கள் வீட்டுக்கு வந்த பிளம்பர் ஒடிசாக்காரர், கேந்திரபாரா மாவட்டம். அந்த மாவட்டத்திலிருந்து கிளம்பிய பிளம்பர்கள் இல்லாத பெருநகரம் இந்தியாவில் இல்லை என்றே சொல்லலாம். அங்கே பட்டாமுண்டாய் என்ற ஊரில் பிளம்பிங் சொல்லிக்கொடுக்க அரசுக் கல்வி நிலையமே இருக்கிறது. அவரும் நானும் பேசிக்கொண்டது பம்பாய் இந்தி. அதை அலகாபாத்தில் பேசினால் அடிக்க வருவார்கள், இங்கே வேலை நடக்கும்.

சுவரில் காடி வெட்டிக் குழாயைப் பதித்தார். வெந்நீருக்கும் சேர்த்து சி.பி.வி.சி., அந்தச் சந்தன நிறக் குழாய். சாதாரண வெள்ளை பி.வி.சி. வெந்நீருக்கு ஆகாது, இளகிவிடும். மிக்சரின் இரண்டு காலும் மாட்டுகிற பித்தளை எல்போக்களுக்கு நடுவே 150 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், 6 அங்குலம். ரசமட்டம் வைத்துப் பார்த்தார், பிறகு மிக்சரையே அதில் மாட்டிப் பார்த்தார். அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. ஓட்டுத் துண்டு ஒன்றை எடுத்து, பின்னால் சிமென்ட் கலவை எவ்வளவு கனம் வரும் என்று விரலால் இடைவெளி விட்டு, வெறும் சுவரில் பிடித்துப் பார்த்தார். எல்போவின் வாய் அந்த ஓட்டின் முகத்தோடு சமமாக நிற்க வேண்டும். உள்ளே போனால் திருக மரை கிடைக்காது, வெளியே நின்றால் மேலே மூடுகிற வட்டத்தகடு சுவரோடு ஒட்டாமல் பல்லிளிக்கும். தரையும் அப்படித்தான். செங்கல் ஜல்லிக் கோபா போட்டு, ஓடு ஒட்டிய பிறகு தரை உயர்ந்துவிடும். அந்தப் புதுத் தரையிலிருந்து அளந்து மூன்றடி உயரத்தில் மிக்சர். ரொம்பத் தாழ்த்தி வைத்தால் அம்மாவின் வாளி நுழையாது.

குழாய் பதித்தாயிற்று, கொத்தனார் ஓடு ஒட்டத் தயார். அப்போது பிளம்பர் எல்லா வாயையும் அடைத்துவிட்டு, ஒரு கையடி பம்பை மாட்டி 7 கிலோவுக்கு அழுத்தம் ஏற்றினார். “நாளைக் காலையில் பார்க்கலாம்” என்று போய்விட்டார். கொத்தனாருக்கு ஒரு நாள் கூலி வீண், அவருக்குக் கோபம். எனக்கும் உள்ளூர எரிச்சல்தான். காலையில் பார்த்தால் முள் 5-ல் நிற்கிறது. ராத்திரியோடு 2 கிலோ காணோம். எங்கேயும் தண்ணீர் தெரியவில்லை. அவர் டிஷ்யூ காகிதத்தைக் கிழித்து ஒவ்வொரு இணைப்பிலும் ஒற்றிக்கொண்டே வந்தார். வெந்நீர்ப் பக்க எல்போவில் காகிதத்தின் ஓரம் லேசாகக் கறுத்தது. சொட்டுக்கூட இல்லை, வியர்வை. டெஃப்லான் டேப்பை எதிர்ப் பக்கமாகச் சுற்றியிருக்கிறான் அவருடைய உதவிப் பையன். திருகும்போது டேப் உருண்டு வெளியே வந்துவிட்டது. கழற்றி, மறுபடி சுற்றி, மறுபடி ஒரு ராத்திரி. மறுநாள் முள் அசையவில்லை.

அந்த வியர்வையை ஓட்டுக்குப் பின்னால் மூடியிருந்தால், ஆறு மாதத்தில் இரண்டாவது மாடிக்காரர் கூரையில் ஒரு வரைபடம் வந்திருக்கும். ஹவுசிங் சொசைட்டி விதிப்படி வெளிப் பொதுக் குழாய் கசிந்தால் சொசைட்டி செலவு, வீட்டுக்குள் கசிந்தால் வீட்டுக்காரர் செலவு. ஆகவே கேளுங்கள், ஓடு ஒட்டுமுன் ஒரு ராத்திரி அழுத்தம் பார்த்தீர்களா என்று. கேட்டால் முகம் சுளிக்கிற பிளம்பரை மாற்றிவிடுங்கள்.

கீசர் கணக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 15 லிட்டர் கீசரில் தண்ணீர் 60 டிகிரி, குழாய்த் தண்ணீர் 25 டிகிரி, நமக்கு வேண்டியது 40 டிகிரி என்றால் விளாவிய பிறகு 35 லிட்டர் கிடைக்கும். வாளிக் குளியலுக்கு அது தாராளம். நிமிஷத்துக்கு 8 லிட்டர் கொட்டுகிற ஷவருக்கு நாலு நிமிஷம்தான், தலையில் சோப்பு நுரையோடு நிற்க வேண்டியதுதான். 60 டிகிரித் தண்ணீர் ஐந்தாறு விநாடியில் தோலை வேகவைத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதனால் எங்கள் வீட்டில் சட்டம், திறக்கும்போது பச்சைத் தண்ணீர் முதலில், மூடும்போது வெந்நீர் முதலில். அம்மா வாளியில் செய்த அதே வரிசை.

எல்லாம் முடிந்த இரண்டாவது வாரம் மனைவி கேட்டாள், “வாஷ்பேசின் பச்சைத் தண்ணிக் குழாயில ஏன் வெந்நீர் வருது?” பேய் பிடித்த கட்டடம்போல. காரணம் மகன். மிக்சரோடு சேர்ந்த கை ஷவரை அதன் விசையில் மட்டும் நிறுத்திவிட்டு, இரண்டு திருகையும் திறந்தபடி விட்டுவிட்டான். வெளியே போக வழியில்லாத இரண்டு தண்ணீரும் மிக்சருக்குள்ளேயே கைகோத்து, பக்கத்தில் யார் குழாயைத் திறந்தாலும் அந்தப் பக்கம் ஓடின. திருகை மூடினால் தீர்ந்தது. இரண்டு லைனிலும் ஒவ்வொரு நான்-ரிட்டர்ன் வால்வு போட்டிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. அதை நான் மறந்துவிட்டேன்.

அந்த ஆண்டு ஜூனில் ஏரிகள் வற்றி மும்பையில் 10 சதவீதம் தண்ணீர் வெட்டு வந்தது. சொசைட்டியில் காலையும் மாலையும் மட்டும் தொட்டித் தண்ணீர் திறந்தார்கள். தாராவியில் இன்னும் இருக்கிற என் சித்தப்பா மகனிடம் சொன்னபோது சிரித்தான். குடிசைப் பகுதிக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 45 லிட்டர், கட்டடங்களுக்கு 135 லிட்டர் என்பது மாநகராட்சி வைத்திருந்த அளவு. என் மகன் பத்து நிமிஷம் ஷவரில் நின்றால் 80 லிட்டர். தண்ணீர் பெறுவது வாழ்வுரிமையின் பகுதி, குடிசை அனுமதியில்லாதது என்பதற்காக அதை மறுக்க முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2014 டிசம்பரில் சொன்னது. அளவு சமமாக வேண்டும் என்று அது சொல்லவில்லை.

வெட்டு நாட்களில் ஒன்றைக் கற்றுக்கொண்டோம். குழாய் காலியாகித் திரும்ப நிரம்பும்போது மிக்சர் இருமும், காற்றும் துருத்தூளும் கக்கும். அப்போது ஷவரைத் திறக்கக் கூடாது, அதன் துளைகள் அடைத்துக்கொள்ளும். கீசரையும் போடக் கூடாது. வாளி மூக்கை மட்டும் திறந்து, இருமல் அடங்கித் தெளிந்த தண்ணீர் வரும்வரை விட வேண்டும். அந்தக் கலங்கல் தண்ணீரை அம்மா வாளியில் பிடித்துத் துளசிச் செடிக்கு எடுத்துப் போகிறாள். ஷவரில் அவள் இன்னும் ஒரு நாள்கூடக் குளிக்கவில்லை. மிக்சர் விளாவிக் கொடுத்த வாளித் தண்ணீரிலும், குளிக்குமுன் கையை விட்டுப் பார்த்துக்கொள்கிறாள்.