குதிகாலில் ஒரு துளி



பிறந்த குழந்தை அதிகம் அழாமல் நெடுநேரம் உறங்கினால், சமர்த்துப் பிள்ளை என்று நம் பாட்டிமார் மெச்சுவர். பெரும்பாலும் அது சரியே. ஆனால் நம் நாட்டில் ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்குத் தைராய்டுச் சுரப்பி போதிய அளவு சுரப்பதில்லை. அக்குழந்தையும் அமைதியாகத்தான் உறங்கும்.

கருவிலிருக்கையில் தாயின் சுரப்புநீர் ஓரளவு துணைசெய்வதால், பிறந்தவுடன் குறையொன்றும் புலப்படாது. பின்னர் நாக்கு தடிக்கும், குரல் கரகரக்கும், மலம் இறுகும். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் வரை காத்திருந்தால், மூளை இழந்த வளர்ச்சியைத் திரும்பப் பெறுதல் அரிது. இரண்டு வாரத்திற்குள் மருந்து தொடங்கினாலோ, அக்குழந்தை மற்றப் பிள்ளைகளைப் போலவே படித்து முன்னேறும்.

குதிகாலில் சிறு ஊசியால் குத்தி, சில துளி இரத்தத்தை வடிதாளில் ஊறவைத்து உலர்த்தி அனுப்பும் முறையை, 1960களில் அமெரிக்க அறிஞர் ராபர்ட் கத்ரி வேறொரு பிறவிநோய்க்காக வகுத்தார். 1970களில் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஷான் டூசோ அதே தாளைக் கொண்டு தைராய்டுக் குறையையும் கண்டறிந்தார். உலர்ந்த தாளைத் தபாலில் அனுப்பலாம் என்பதே இம்முறையின் பெருஞ்சிறப்பு.

கோட்டாற்றுக் கடைகளில் அயோடின் உப்புதானே வாங்குகிறோம், பின் ஏன் இக்குறை என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அயோடின் குறைவும் ஒரு காரணமே. ஆனால் பெரும்பாலான குழந்தைகளுக்குச் சுரப்பியே சரியாக உருவாகாமலோ இடம் மாறியோ அமைந்துவிடுகிறது. அதற்கு உப்பு மருந்தாகாது. தைராக்சின் மாத்திரையைப் பொடித்து, தாய்ப்பாலில் கலந்து நாள்தோறும் புகட்டவேண்டும். விலை மிகக் குறைவு.

பிறந்த முதல் நாளில் எல்லாக் குழந்தைகளுக்குமே தைராய்டைத் தூண்டும் சுரப்புநீர் மிகுந்திருக்கும். ஆகவே இரண்டு நாள் கழித்து இரத்தம் எடுப்பது நலம். சில மருத்துவமனைகளில் தொப்புள்கொடி இரத்தத்தையே சோதிக்கிறார்கள். 2013இல் தொடங்கிய இந்திய அரசின் குழந்தைநலத் திட்டத்தில் இந்நோயும் இடம்பெற்றுள்ளது. எனினும் பிறக்கும் குழந்தைகள் அனைவருக்கும் இச்சோதனை நடந்துவிடுவதில்லை, வீட்டார்தாம் கேட்கவேண்டும்.

நம் நாஞ்சில் நாட்டில் தலைப்பேற்றுக்குப் பெண் தாய்வீடு வருவாள். சீட்டிலோ கணவன் வீட்டு முகவரி இருக்கும். முடிவு அங்கே போய்ச் சேர, குழந்தை இங்கே இருந்தால், அந்த இரண்டு வாரம் வீணே கழிந்துவிடும். உங்கள் அக்காளுக்குப் பேறுகாலம் வரும்போது, அவள் தங்கப்போகும் வீட்டின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் நீங்களே தெளிவாக எழுதிக் கொடுங்கள்.