பாட்டனார் ஊரில் நாம் வெளிநாட்டவர்

(சங்கத்தின் குடும்ப தினத்தில் ஆற்றிய உரை)

 

சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டில் இளைய தலைமுறை சார்பில் பேச எங்களை அழைத்தீர்கள். சங்கத்தின் வரலாற்றைச் சொல்ல மூத்தோர் பலர் இங்கே இருக்கிறார்கள். ஆகவே நம் வீடுகளில் அடிக்கடி எழும் ஒரு பேச்சை எடுத்துக்கொண்டோம். ஊரில் மனை வாங்கலாமா, வீடு கட்டலாமா என்பதே அது.

கடையநல்லூர், தென்காசி, நாகூர், கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, தோப்புத்துறை என்று நமக்கு ஊர்கள் பல. அங்கே எழுந்த வீடுகளில் பல, இங்கே மளிகைக் கடையிலும் சாப்பாட்டுக் கடையிலும் நாணயம் மாற்றும் கடையிலும் உழைத்த காசில் எழுந்தவை. நம் பாட்டனார்கள் அந்த ஊரின் குடிமக்களாகவே அவற்றைக் கட்டினார்கள். பேரப்பிள்ளைகளாகிய நாம் சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருக்கிறோம். ஊரார் நம்மை 'நம்ம புள்ள' என்று அழைத்தாலும், சட்டப்படி நாம் வெளிநாட்டவர். இதை மனத்தில் வாங்கிக்கொண்ட பிறகே பணத்தை எடுக்க வேண்டும்.

முதலில் இங்குள்ள விதியைப் பாருங்கள். வீவக வீடு வாங்கியவர்கள் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடியும்வரை வேறு தனியார் வீடு வாங்கக் கூடாது. அந்தக் காலம் பொதுவாக 5 ஆண்டு. புதிய 'பிளஸ்', 'பிரைம்' வகை வீடுகளுக்கு 10 ஆண்டு. வெளிநாட்டு வீடும் இந்தத் தடையில் அடங்கும். புது வீட்டுச் சாவி வாங்கிய இளம் தம்பதியர், "ஊரில்தானே வாங்குகிறோம், யார் கேட்கப் போகிறார்கள்?" என்று எண்ணிவிடக் கூடாது. மத்திய சேமநிதிப் பணத்தையும் வெளிநாட்டு வீட்டுக்கு எடுக்க முடியாது.

அடுத்தது இந்திய விதி. இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை உள்ளவர் அங்கே வீடும், வீட்டு மனையும், கடையும் வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. 'வயலை வாங்கிப் போட்டால் பிறகு மனையாக மாற்றிக்கொள்ளலாம்' என்று தரகர் சொன்னால், அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். பணமும் வங்கி வழியாகத்தான் போக வேண்டும். பையில் கொண்டுபோகும் வெள்ளி நோட்டுக்கு இந்த வியாபாரத்தில் இடமில்லை. இங்கிருந்து வங்கியில் அனுப்பிய ரசீது பின்னாளில் வீட்டை விற்றுப் பணத்தைத் திரும்பக் கொண்டுவரும்போதும் கேட்கப்படும்.

"அட்டை எதற்கு? மச்சான் பெயரில் வாங்கிக்கொள்ளலாமே" என்பது நம்மிடையே பழகிப்போன யோசனை. அங்கே பினாமிச் சட்டம் 1988 முதல் இருக்கிறது. 2016இல் அதைக் கடுமையாக்கினார்கள். பணம் ஒருவருடையது, பெயர் வேறொருவருடையது என்றால் சொத்தே பறிபோகலாம், சிறைத் தண்டனையும் உண்டு. மச்சான் நல்லவராகவே இருக்கலாம். அவர் காலத்துக்குப் பின் அவருடைய வாரிசுகளுக்கு நம் பேச்சுவார்த்தை எதுவும் தெரிந்திருக்காது.

நாங்கள் வியாபாரம் செய்பவர்கள். சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் விலை பேசுவதில்லை. மனைக்குச் சரக்கு அதன் காகிதங்கள்தாம். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் நான்கும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். வில்லங்கத்தையும் பட்டாவையும் இணையத்தில் பார்க்கலாம். மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா என்று கேளுங்கள். 20.10.2016க்குப் பிறகு உருவான அங்கீகாரமற்ற மனைகளுக்கு வரன்முறைத் திட்டத்தில் இடமில்லை. கிரயத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 விழுக்காடு ஆகும். அதையும் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

நேரில் போக முடியாதவர்கள் பவர் எழுதித் தருகிறார்கள். இந்தியத் தூதரகத்திலோ நோட்டரி முன்னிலையிலோ கையெழுத்திட்ட பத்திரம் இந்தியா போய்ச் சேர்ந்த 3 மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்டப்பட வேண்டும். 'எல்லாவற்றையும் செய்யலாம்' என்று பொது அதிகாரம் எழுதாதீர்கள். இந்தச் சர்வே எண், இந்த ஒரு வேலை என்று குறித்து எழுதுங்கள்.

இனி எங்கள் வீட்டு விஷயம் ஒன்று. எங்கள் பாட்டனாருக்குக் கூத்தாநல்லூரில் 10 சென்ட் மனை இருந்தது. அவருக்கு மூன்று மகன்கள், இரண்டு மகள்கள். பாட்டியார் முன்னரே மறைந்துவிட்டார். பெரியத்தா அங்கே ஒரு வீடு கட்டிவிட வேண்டும் என்று வெகுநாள் ஆசையோடு இருந்தார். வரைபடம்கூடத் தயாராகிவிட்டது. அப்போது எங்கள் அத்தாதான், "அது யாருடைய மனை?" என்று கேட்டார்கள். ஷரீஅத்படி அது எட்டுப் பங்கு. மகன்களுக்கு இரண்டிரண்டு, மகள்களுக்கு ஒவ்வொன்று. ஒரு மாமியின் பங்கு ஒன்றேகால் சென்ட், அதாவது சுமார் 545 சதுர அடி.

"அவ்வளவு சின்ன இடத்தை வைத்து என்ன செய்வார்கள்? அவர்களே கேட்கவில்லையே" என்று சிலர் சொன்னார்கள். ஊரிலிருக்கும் மாமி வாடகை வீட்டில் இருக்கிறார்கள். அண்ணன்மார் மனம் வருந்தக் கூடாதென்று வாய் திறக்காமல் இருந்தார்கள். பெண்மக்கள் கேட்காததால் அவர்களுடைய பங்கு நமக்காகிவிடாது.

வாரிசுச் சான்றிதழ் எடுத்து, பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்தோம். சாலையோரப் பகுதியை மாமிக்கு ஒதுக்கினார்கள். எங்கள் அத்தா தம் பங்கில் ஒரு பகுதியையும் சேர்த்து அவர்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பெரியத்தா இரண்டு நாள் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள் வரைபடத்தைச் சிறியதாக்கச் சொன்னார். வீடு இன்னும் எழவில்லை. ஆனால் இப்போது அங்கே வைக்கும் ஒவ்வொரு கல்லும் யாருடைய நிலத்தில் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும்.

பிரிக்காத மனையில் ஒருவர் வீடு கட்டினால், அவர் தலைமுறையில் அது வீடாக இருக்கும். அடுத்த தலைமுறையில் அது வழக்காகிவிடும். நம் ஊர்களில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில் சிலவற்றின் கதை இதுதான். சாவி ஒருவரிடம், பட்டா இறந்துபோனவர் பெயரில், வாரிசுகள் நாலு நாட்டில்.

அதனால் இங்கு வந்திருக்கும் குடும்பங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறோம். பெரியவர்கள் நல்ல சுகத்தோடு இருக்கும்போதே ஊர்ப் பத்திரங்களை எடுத்துப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். எது யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பெண்பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுங்கள். அதன் பிறகு அந்த வீட்டில் ஆண்டுக்கு எத்தனை நாள் யார் இருப்பார்கள் என்று கேளுங்கள். இருக்க ஆள் உண்டென்றால் அளவாகக் கட்டுங்கள். இல்லையென்றால் ஊரிலிருக்கும் உறவுக்கு அந்த இடம் பயன்படட்டும்.

பாட்டனார்கள் நமக்கு மனையை விட்டுச் சென்றார்கள். அதைவிட மேலாக, இன்னும் நம்மை 'வாங்க' என்று கூப்பிடும் உறவுகளை விட்டுச் சென்றார்கள். மனைக்காக அந்த உறவை இழந்துவிட வேண்டாம்.