சேயாறும் ஏரி வாரியமும்

செய்யாறு என வழங்கும் சேயாறு ஜவ்வாது மலையில் உற்பத்தியாகிச் செங்கம், திருவத்திபுரம் வழியாய் ஓடித் திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. 'மலைபடுகடாம்' கூறும் நதி இதுவே. மழைக்காலத்தில் பெருகிப் பின்னர் வற்றும் ஆறாகையால், ஏரிகளில் தேக்கப்படாத வெள்ளம் பாலாற்றின் வழியே சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே வாயலூரருகில் கடலையடைகிறது.

ஏரியைக் காப்பவர் யார்? இப்பிரதேசத்து உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழர் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுக்கள் விடை கூறுகின்றன. குடவோலையால் தெரிந்தெடுக்கப்பட்ட 6 பேர் ஏரி வாரியமாக 360 நாள் பணிபுரிந்தனர். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவராயினர்.

ஏரியும் சங்கமும் பொதுச்சொத்தே. கரையைக் காப்பதும் கணக்கைக் கேட்பதும் ஒவ்வோர் அங்கத்தினரின் கடமையாம்.