துவரும் தேறலும்: ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தின் செம்மது



கவிதைச் சுவை பற்றிப் பேசிப் பழகிய அவையில் மதுவின் சுவை பற்றிப் பேசுவது சிலர்க்கு ஒவ்வாததாகத் தோன்றலாம். குடிப்பழக்கம் எத்தனை இல்லங்களின் விளக்கை அணைத்தது என்பதை அறியாதவர் இங்கில்லை. ஆயினும் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் குடி அன்று, சுவைத்தல். ஒயினைத் தொழிலாகச் சுவைப்போர் வாயில் கொண்டதைப் பெரும்பாலும் விழுங்குவதில்லை, உமிழ்ந்துவிடுகின்றனர். எஞ்சுவது ஒரு நினைவும், அதனைச் சொல்ல முயலும் சில சொற்களுமே. நுகர்ந்ததைச் சொல்லில் பிடிப்பது எவ்வாறு என்னும் அவ்விடர்ப்பாடு கவிஞர்க்கும் திறனாய்வாளர்க்கும் புதிதன்று.

பிரான்சின் தென்கடற்கரையில், மார்செய் துறைமுகத்திற்கும் தூலோன் துறைமுகத்திற்கும் இடையே பந்தோல் என்னும் சிற்றூர் உள்ளது. மார்செய் நகரை ஏறத்தாழக் கி.மு. 600-இல் நிறுவியோர் சிற்றாசியாவின் போக்கேயாவிலிருந்து வந்த கிரேக்கர். போக்கேயா அயோனிய நாட்டு ஊர். யவனர் என்னும் சொல்லோ அயோனியா என்னும் பெயரின் வழி வந்தது. அப்பகுதியில் கொடிமுந்திரிப் பயிரை நிலைபெறச் செய்தவர்கள் இந்த யவனர்களே. யவனர் கலத்தில் வந்த மதுவைப் பாண்டியன் நன்மாறனுக்குப் பொற்கிண்ணத்தில் ஏந்தித் தரும் மகளிரை நக்கீரர் புறநானூற்றின் 56-ஆம் பாடலில் காட்டுகிறார். அரிக்கமேட்டில் 1945-இல் நிகழ்ந்த அகழ்வில் மதுச்சாடிகளின் ஓடுகள் வெளிப்பட்டன. அச்சாடிகள் பந்தோலிலிருந்து வந்தன என்று கொள்வதற்கில்லை. இரு கரைகளையும் தொட்ட வணிக மரபு ஒன்று என்னும் அளவே செய்தி.

பந்தோலுக்கு அருகே, லெ பிளான் து கஸ்தெலே என்னுமிடத்தில், தொமேன் தாம்பியே என்னும் குடும்பப் பண்ணை இருக்கிறது. அக்குடும்பத்தின் மதுத்தொழில் 1834 முதல் தொடர்வது. மார்செயில் வளர்ந்த லூசி தாம்பியே என்னும் பெண்ணை லூசியேன் பெய்ரோ என்பவர் 1936-இல் மணந்தார். பெண்ணின் தந்தை மருமகனுக்கு ஒரு பழங்குப்பியைத் திறந்து ஊற்றினார். அது வேர்ப்பேன் வருவதற்கு முன் அந்நிலத்தில் விளைந்த மது. அதன் சுவை அவரை விட்டகலவில்லை. இப்படியொரு மதுவைத் தந்த மண் இப்போது ஏன் தரவில்லை என்னும் வினாவே அவருடைய வாழ்நாட் பணியாயிற்று.

வேர்ப்பேன் என்பது அமெரிக்காவிலிருந்து 1860-களில் பிரான்சினுள் புகுந்த ஒரு நுண்பூச்சி. அது கொடியின் வேரை உறிஞ்சிக் கொல்வது. அமெரிக்கக் கொடிகளின் வேர் அதனைத் தாங்கும் என்று கண்டபின், அவ்வேர்களின்மீது பிரெஞ்சுக் கொடிகளை ஒட்டுக்கட்டி நாட்டினர். பந்தோலின் பழம்பெருமைக்குரிய மூர்வேத்ர் என்னும் கருந்திராட்சை அந்த ஒட்டுக்கு எளிதில் இணங்கவில்லை. அது காலந்தாழ்த்திப் பழுக்கும், குறைவாகக் காய்க்கும். எளிதாக வளர்ந்து மிகுதியாகக் காய்க்கும் வகைகளை உழவர் நட்டுக்கொண்டனர். அவர்களைக் குறைசொல்ல இயலாது. வெறுந்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் உழவனுக்குச் சுவை இரண்டாம் பொருளே. எனினும் பந்தோல் என்னும் பெயர் நிலைத்திருக்க, அப்பெயருக்குப் பொருளாயிருந்த சுவை அரை நூற்றாண்டிற்கும் மேலாக ஊரில் இல்லாது போயிற்று.

லூசியேனும் லூசியும் 1940-இல் பண்ணையில் குடியேறினர். போர்க்காலம், வசதிகள் ஏதுமில்லை. மறுஆண்டே, 1941-இல், பந்தோல் மதுவிற்குச் சட்டமுறையான இடப்பெயர் உரிமை கிடைத்தது. லூசியேன் மூர்வேத்ரை மீண்டும் நட்டதோடு அமையாது, அயலாரையும் நடச்செய்தார். சட்டம் கோரிய மூர்வேத்ரின் பங்கும் படிப்படியாக உயர்ந்தது. இன்று பந்தோல் சிவப்பு ஒயினில் மூர்வேத்ர் பாதியேனும் இருத்தல் வேண்டும். குறைந்தது 18 மாதம் மரத்தில் முதிர்தல் வேண்டும். ஒரு குப்பியின் நினைவு ஓர் ஊரின் விதியாயிற்று.

இனி அந்த மதுவிற்கு வருவோர் முதலில் எதிர்கொள்வது துவர்ப்பு. தொடக்க ஆண்டுகளில் மூர்வேத்ர் நாவை இறுகப் பற்றும். மேனாட்டு அறிவியலார் துவர்ப்பைச் சுவை எனக் கொள்வதில்லை. அதனைத் தொடுவுணர்ச்சி என்பர். திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள துவர்ப்பொருள் உமிழ்நீரின் புரதங்களோடு பிணைந்து அவற்றின் வழவழப்பை நீக்கிவிட, நாவும் கன்னமும் உலர்ந்து உரசுவதுபோல் ஆகின்றன என்பது அவர்தம் விளக்கம். விளக்கம் சரியே. ஆனால் தமிழ் துவர்ப்பை அறுசுவையுள் ஒன்றாக வைத்தது. வாழைப்பூவையும் கடுக்காயையும் பாக்கையும் அறிந்த நாவுக்கு அது குறையன்று, ஒரு சுவை. இளமையான பந்தோலைச் சுவைக்கும் புதியவர் பலர் முகஞ்சுளிப்பது துவர்ப்பைக் குறை எனக் கருதுவதால்தான். அதனைச் சுவையாகவே ஏற்கும் மொழியிலிருந்து வருபவர்க்கு அத்தடை இருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. துவர் என்னும் தமிழ்ச்சொல் சுவையை மட்டுமன்றிச் செந்நிறத்தையும் குறிக்கும். துவராடை என்பது செவ்வாடை. பெரும்பாலான கருந்திராட்சைகளின் சாறு நிறமற்றது. தோலோடு ஊறவிட்டால்தான் அது சிவக்கும். அந்தத் தோலே நிறத்தையும் தருகிறது, துவர்ப்பையும் தருகிறது. சிவப்பு ஒயினை வெள்ளை ஒயினிலிருந்து பிரிக்கும் இரண்டும் ஓரிடத்திலிருந்தே பிறக்கின்றன. இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தவர்கள் இதனை எண்ணி அழைத்தார்கள் என்று சொல்ல வேண்டா. சாயத்திற்கும் மருந்திற்கும் ஒரே மரப்பட்டையை ஊறவைத்தவர்களின் கையறிவு சொல்லில் படிந்திருக்கலாம்.

சுவைக்கும் முறை எளிது. கிண்ணத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் ஊற்றலாகாது. வெண்டுணியின்மேல் சாய்த்து விளிம்பைக் காண வேண்டும்: இளமதுவின் விளிம்பு நாவற்பழச் சாயலில் இருக்கும், முதுமதுவின் விளிம்பு செங்கல் நிறத்திற்கு மாறியிருக்கும். பிறகு அசைக்காமல் ஒருமுறை முகர்தல். சுழற்றி மறுமுறை முகர்தல். இவ்விரண்டிற்கும் இடையே மூர்வேத்ர் காட்டும் வேறுபாடு வியப்புக்குரியது. குப்பி திறந்தவுடன் தொழுவ வாடையும் தோல் வாடையும் எழும். பழகாதவர் கெட்டுவிட்டது என்று ஒதுக்கிவிடுவர். ஒரு மணி நேரம் காற்றுப்பட விட்டால் கரும்பழமும், உலர்ந்த மலைப்பூண்டுகளின் மணமும், மிளகின் சாயலும் தோன்றும். வாயில் கொண்டபின் மூச்சை மூக்குவழி விட்டால், சுவை எனக் கருதியதில் பெரும்பகுதி மணமே என்பது விளங்கும். அறை வெப்பம் என்று குறிப்பிடுவது பழைய பிரெஞ்சு வீடுகளின் 16 அல்லது 17 பாகை அறையை. சென்னையின் அறையை அன்று.

இங்கே சொல்லின் இடர் தொடங்குகிறது. 2001-இல் மொரோ, பிரோஷே, துபூர்தியே என்னும் மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். போர்தோவில் ஒயினியல் பயிலும் 54 மாணவர்க்கு ஒரு வெள்ளை ஒயினையும், மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த அதே ஒயினையும் கொடுத்தனர். சாயமிட்டதற்கு மாணவர்கள் எழுதியவை சிவப்பு ஒயினுக்குரிய சொற்கள். இதனைக் கொண்டு, சுவைப்போர் எல்லாரும் பொய்யர் என்று நகைப்பார் உளர். அது மேம்போக்கான முடிபு. கண் முன்னே சென்று சொல்லைத் தேர்ந்துவிடுகிறது. மூக்கு அச்சொல்லுக்கு இசைகிறது என்பதே ஆய்வு காட்டுவது. புகழ்பெற்ற பெயர் தலைப்பில் இருந்தால் கவிதை வேறாக ஒலிப்பதும் இவ்வகையே.

நறுமணப் பட்டியல்கள் இந்நோய்க்கு மருந்தாகா. கருநாவல், தோல், மிளகு, புகையிலை என்று அடுக்குவது ஒரு பாட்டின் அணிகளை எண்ணிக் கூறுவதை ஒக்கும். பாட்டு எங்கே திரும்பியது என்பது அதில் வாராது. போர்தோவின் எமில் பெய்னோ 1980-இல் வெளியிட்ட ஒயின் சுவை பற்றிய நூலில் சொற்களுக்கு மிகுந்த இடந்தந்தார். எனினும் அவர் அழுத்தம் புளிப்பு, துவர்ப்பு, இனிப்பு ஆகியவற்றின் சமநிலைமீதே இருந்தது. அதுவே தக்க நெறி. மது வாயினுள் எங்கே தொடங்கி எங்கே இறுகி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று சொல்பவர், பத்து மணங்களைப் பெயரிடுபவரைவிட மிகுதியாகச் சொல்கிறார்.

தாம்பியே பண்ணையின் லா மிகுவா, லா தூர்த்தீன், கபஸாவு என்னும் நிலங்களின் மதுக்களை ஒருங்கே வைத்துச் சுவைப்பார்க்கு இது தெளியும். கைகள் அவையே, பீப்பாய்கள் அவையே. கபஸாவு ஏறக்குறைய முழுவதும் மூர்வேத்ர். அது இறுகி நிற்கும். உயரத்திலுள்ள மிகுவாவில் பிற வகைகள் மிகுதி. அது முன்னரே மலரும்.

பெய்ரோ இணையர்க்கு மக்கள் எழுவர். ழான் மரி மதுவையும் பிரான்சுவா கொடிகளையும் பொறுப்பேற்றனர். லூசியேன் 1996-இல் மறைந்தார். 2000-இல் பண்ணையின் ஆட்சியைக் குடும்பம் தானியேல் ராவியே என்னும் வெளியாரிடம் ஒப்படைத்தது. உரிமை குடும்பத்தினதே, கை மாறிற்று. சுவையும் மாறிற்று என்று முதியோர் சிலர் வருந்தினர். முன்னிலும் தூய்மையாயிற்று என்றனர் பிறர். இருவரும் நினைவோடு ஒப்பிட்டே பேசினர். லூசியேன் செய்ததும் அதுவன்றோ! லூலூ என்று அனைவரும் அழைத்த லூசி, தன் சமையலால் புகழ்பெற்றவர்; ரிச்சர்ட் ஆல்னி 1994-இல் அதுபற்றி ஒரு நூலே எழுதினார். அவ்வம்மையார் 2020-இல், 102-ஆம் வயதில் மறைந்தார்.

முதிர்ந்த பந்தோலில் நிறமும் துவரும் ஒன்றுகூடி வண்டலாக அடியில் தங்கும். நிறம் மங்கும், துவர்ப்பு தணியும். அத்தகைய குப்பியை ஒருநாள் முன்பே நிமிர்த்தி வைத்து, கழுத்தின் பின்னே மெழுகுவத்தி ஏற்றி, நடுக்கமின்றி வேறு கலத்திற்கு வடிக்க வேண்டும். தெளிந்து வருவதற்குத் தமிழில் தேறல் என்று பெயர். வண்டல் கழுத்தைத் தொட்டதும் கை நிற்க வேண்டும். குப்பியில் இரண்டு விரல் அளவு கலங்கல் எஞ்சும்.