வளர்பிறையும் பௌர்ணமியும்

(பங்கின் பொன்விழாவையொட்டி, பாடகர் குழு நாளன்று ஆற்றப்பட்ட உரை)

 

விழாக் காலங்களில் ஆங்கிலத்தில் வாழ்த்துரைப்போரும் செய்தி எழுதுவோரும் விரும்பிக் கையாளும் சொல் ஒன்று உண்டு. அது 'கிரெஷெண்டோ'. கொண்டாட்டங்கள் கிரெஷெண்டோவை எட்டின என்பார்கள். தேர்தல் கூச்சல் கிரெஷெண்டோவை அடைந்தது என்பார்கள். உச்சம் என்ற பொருளில்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் இச்சொல் இசைக்குச் சொந்தமானது. பாடகர் குழுவின் நாளாகிய இன்று, அதன் சொந்த வீட்டுக்கே சென்று அதன் பொருளை விசாரித்து வருவோம். நம் பொன்விழாவுக்குத் தேவையான ஒரு பாடம் அங்கே இருக்கிறது.

'கிரெஷெண்டோ' இத்தாலிய மொழிச் சொல். 'வளர்ந்துகொண்டு' என்பது அதன் நேர்ப்பொருள். மேனாட்டு இசைத்தாளில், ஒரு புள்ளியில் தொடங்கி வலப்புறமாக மெல்ல விரியும் இரு கோடுகளைப் பாடகர்கள் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோடுகள் விரியும் வரையில் ஒலி சிறிது சிறிதாகப் பெருக வேண்டும் என்பதே அதன் கட்டளை. நம் இசையின் ஆரோகணத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆரோகணத்தில் சுரம் ஏறும். கிரெஷெண்டோவில் ஒரே சுரத்தில் நின்றாலும் ஒலியின் அளவு பெருகும். ஆக, கிரெஷெண்டோ என்பது உச்சியை நோக்கிப் போகும் வழி. உச்சிக்கு அந்தப் பெயர் இல்லை.

இதை விளங்கிக்கொள்ளத் தமிழருக்கு அரும்பாடு வேண்டியதில்லை. வானத்தைப் பார்த்தாலே போதும். நிலவு வளரும் நாட்களை வளர்பிறை என்கிறோம். அது நிறையும் நாளைப் பௌர்ணமி என்கிறோம். பௌர்ணமியைக் காட்டி, 'நிலா வளர்பிறையை எட்டிவிட்டது' என்று எவரும் சொல்வதில்லை. பிறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'கிரெஸென்ட்' என்ற சொல்லும், இந்தக் 'கிரெஷெண்டோ'வும், வளர்தலைக் குறிக்கும் ஒரே இலத்தீன் வினையிலிருந்து பிறந்த உடன்பிறப்புகளே.

அந்த இலத்தீன் வினை திருச்சபைக்குப் புதியதன்று. பழைய இலத்தீன் விவிலியத்தில், முதல் பெற்றோரை இறைவன் பெருகும்படி ஆசீர்வதிக்கும் இடத்தில் அதுவே நிற்கிறது. பாலன் இயேசு வளர்ந்துவந்ததை லூக்காஸ் சொல்லும் இடத்திலும் அதுவே. கிறிஸ்து வளர வேண்டும், தாம் குறைய வேண்டும் என்று ஸ்நாபக அருளப்பர் சொல்லும் இடத்திலும் அதுவே. அருளப்பரின் பிறந்தநாள் ஜூன் 24. அதன் பின் பகற்பொழுது குறையத் தொடங்குகிறது. ஆண்டவரின் பிறந்தநாள் டிசம்பர் 25. அதன் பின் பகற்பொழுது வளரத் தொடங்குகிறது. புனித அகுஸ்தினார் தம் மறையுரையில் இந்தப் பொருத்தத்தை எடுத்துக்காட்டியிருக்கிறார்.

அப்படியானால், உச்சம் என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதுவோர் எல்லாரும் தவறிவிட்டார்களா? அப்படித் தீர்ப்பிட்டுவிடவும் கூடாது. 1925-இல் வெளிவந்த 'தி கிரேட் கேட்ஸ்பி' என்னும் புகழ்பெற்ற அமெரிக்க நாவலிலேயே, மோட்டார் வண்டிகளின் ஹார்ன் ஓசை கிரெஷெண்டோவை எட்டியதாக ஃபிட்ஸ்ஜெரால்ட் எழுதியிருக்கிறார். இன்று மெரியம் வெப்ஸ்டர் போன்ற அகராதிகளும் இப்பொருளைச் சேர்த்துக்கொண்டுள்ளன. ஆனாலும் இசையறிந்தவர்களின் காதுக்கு அது இன்னும் உறுத்தவே செய்கிறது. ஆங்கிலத்தில் எழுதும் நம் இளைஞர்கள், உச்சத்தைச் சொல்ல வேண்டுமானால் 'பீக்' என்று எழுதி, கிரெஷெண்டோவை வளர்ச்சிக்கே விட்டுவைத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இதற்கு முன்பே இன்னொரு சொல்லுக்கும் இதே கதி நேர்ந்தது. சினிமாவினால் நம் ஊர்களிலெல்லாம் பழகிப்போன 'கிளைமாக்ஸ்' தான் அது. கிரேக்க மொழியில் அதற்கு ஏணி என்று பொருள். படிப்படியாக ஏறும் பேச்சுமுறைக்குப் பெயராக இருந்து, பிறகு ஏறி முடியும் இடத்துக்கே பெயராகிவிட்டது. 7-ஆம் நூற்றாண்டில் சீனாய் மலையில் மடாதிபதியாக இருந்த புனித அருளப்பர் கிளிமாக்குஸ் 'ஏணி' என்னும் ஞானநூலை எழுதினார். அவருடைய பெயரில் ஒட்டியிருப்பதும் அந்தச் சொல்லே. அந்த ஏணிக்கு 30 படிகள். எந்தப் படியையும் தாண்டிக் குதிக்க அவர் வழி சொல்லவில்லை.

ஏணி போய் உச்சி மட்டும் மிஞ்சியது. வளர்பிறை போய்ப் பௌர்ணமி மட்டும் மிஞ்சியது. மொழியில் மட்டுமா இப்படி? மனிதரின் மனமும் இப்படித்தான். முடிவை நினைவில் வைத்துக்கொள்ளும். வந்த வழியை மறந்துவிடும்.

இசை அந்த வழியை மறக்கவிடுவதில்லை. பிரெஞ்சு இசைமேதை மோரிஸ் ராவெல் 1928-இல் 'பொலேரோ' என்னும் இசைப்படைப்பை அமைத்தார். ஏறத்தாழ 15 நிமிடங்கள் ஒலிக்கும் அது முழுவதும் ஒரே கிரெஷெண்டோ. ஒரு சிறு முரசு மிக மெல்லிய ஓசையில் ஒரு தாளத்தைத் தொடங்குகிறது. கடைசி வரை அந்தத் தாளம் மாறுவதில்லை. முதலில் ஒரு புல்லாங்குழல் மட்டும் பாடும். பிறகு வேறொரு கருவி, பிறகு இன்னொன்று என்று ஒவ்வொன்றாக வந்து சேர, முடிவில் இசைக்குழு முழுவதும் முழங்குகிறது. அங்கே ஒலி பெருகுவதற்குப் பெருங்காரணம், ஒருவரோடு ஒருவர் வந்து சேர்ந்ததே. எல்லாரும் முதலிலேயே உரக்கத் தொடங்கியிருந்தால், கடைசியில் வளர்வதற்கு இடமே இருந்திராது.

ஓர் எச்சரிக்கையும் இசையில் உண்டு. இத்தாலியரான ரொசீனி கிரெஷெண்டோவை அமைப்பதில் வல்லவர். 'திருவாளர் கிரெஷெண்டோ' என்றே அவருக்குப் பட்டப்பெயர் ஏற்பட்டது. 1816-இல் அரங்கேறிய அவருடைய 'செவீயாவின் நாவிதர்' என்னும் இசைநாடகத்தில், அவதூறு எப்படிப் பரவுகிறது என்று ஒருவன் பாடுகிறான். இளங்காற்றைப் போல் காதோடு காதாகத் தொடங்கும் பேச்சு, வாய்க்கு வாய் வளர்ந்து, பீரங்கி வெடித்தாற்போல் முடிகிறது. இசையும் கூடவே வளர்கிறது. அவதூறுக்கு ஆளானவனோ அழிந்துபோகிறான். கடுகு விதையைப் போல் இறையரசும் வளரும். காற்றைப் போல் கோள்மொழியும் வளரும். ஒரு பங்கில் எதை வளரவிடுகிறோம் என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

பாடகர் குழுவினரே, உங்களுக்கென்று ஒரு சொல். கிரெஷெண்டோ குறியைக் கண்டதும் உடனே உரக்கப் பாடிவிடுவதும், ஒலி கூடும்போது தாளத்தையும் ஓட்டிவிடுவதும் எந்தக் குழுவுக்கும் வரக்கூடிய சோதனைகள். கிரெஷெண்டோ என்று எழுதியிருந்தால் அந்த இடத்தில் மெதுவாகப் பாடு என்று பொருள் என்பார்கள் அனுபவமிக்க இசை ஆசிரியர்கள். கோடுகள் தொடங்கும் புள்ளியில் குரல் தாழ்ந்திருந்தால்தான் அது வளர முடியும். ஒலிபெருக்கி ஒலியைப் பெரிதாக்கும். ஒலியை வளர்ப்பது பாடுவோரின் மூச்சும் பொறுமையும்தான்.

பாஸ்கா திருவிழிப்பை எண்ணிப் பாருங்கள். இருண்ட ஆலயத்துக்குள் ஒரே ஒரு மெழுகுதிரி வருகிறது. கிறிஸ்துவின் ஒளி மும்முறை அறிவிக்கப்படுகிறது. அந்தத் திரியிலிருந்து ஒருவர், அவரிடமிருந்து அடுத்தவர் என்று சுடர் பரவி, ஆலயமே ஒளிமயமாகிறது. ஒளியால் ஆன கிரெஷெண்டோ அது. கையில் திரி ஏந்திய குழந்தைக்கும் அதில் பங்குண்டு.

அன்பர்களே, நம் பங்கும் இப்படித்தான் வளர்ந்தது. முதலில் மெல்லிய குரலில் செபித்த சில குடும்பங்கள், அவர்களோடு வந்து சேர்ந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். இந்தப் பொன்விழாவை நம் உச்சம் என்று வாழ்த்துவோரின் அன்புக்கு நன்றி. ஆனால் இதைப் பௌர்ணமி என்று நாம் எண்ணிவிட்டால், மறுநாளே தேய்பிறை தொடங்கிவிடும். அலங்கார விளக்குகளைக் கழற்றிய அடுத்த வாரம், பாட்டுப் பயிற்சிக்கு எத்தனை பேர் வருவார்கள்? மறைக்கல்வி வகுப்புக்குக் கற்பிக்க எத்தனை இளைஞர்கள் முன்வருவார்கள்? நோயுற்றோரைச் சந்திக்க மரியாயின் சேனையினரோடு யார் புறப்படுவார்கள்? நாம் வளர்பிறையில் இருக்கிறோமா என்பதை இந்தக் கேள்விகளுக்கு நாம் தரும் பதிலே சொல்லும்.

ஆகவே, விழா மலரை மூடிவைக்கும் முன் ஒவ்வொரு குடும்பமும் ஒரு தீர்மானம் செய்துகொள்வோம்: இதுவரை பாடாத ஒரு குரலை, இதுவரை ஆலயப் பணிக்கு வராத ஒருவரை, இந்த ஆண்டு நம்மோடு சேர்த்துக்கொள்வோம். நம்மில் கிறிஸ்து வளரவும், நம் தற்பெருமை குறையவும், நம் பங்கின் பாதுகாவலரின் மன்றாட்டால் இறைவன் அருள்புரிவாராக!