ஓட்டுகிறவர் கால் தரையில் ஊன்ற வேண்டும்



மாசித் தெப்பத்துக்குத் திருக்கோஷ்டியூர் வந்து விளக்கேற்றிப் போனவர்களுக்கு எங்கள் சாலை பழக்கமாக இருக்கும். திருப்பத்தூரிலிருந்து சிவகங்கை போகிற வழி அது. காலை எட்டரை மணிக்கு அந்தச் சாலையோரம் சற்று நின்று பாருங்கள். பள்ளிக்கூட ஆசிரியைகள், செவிலியர்கள், கடைகளில் வேலை பார்க்கும் பெண்கள் ஸ்கூட்டரில் போய்க்கொண்டே இருப்பார்கள். இவர்களில் எத்தனை பேர் தங்கள் வண்டியைத் தாங்களே பார்த்துத் தேர்ந்தெடுத்திருப்பார்கள்? என் மனைவி தனக்கு ஒரு வண்டி தேடியபோது கூடவே இருந்து பார்த்தவன் நான். அதிலிருந்து எழுந்த கேள்வி இது.

அவர் திருப்பத்தூரில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறார். போகிற தூரம் எட்டு கிலோமீட்டர் போல இருக்கும். 2021 மே மாதத்திலிருந்து நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அதனால் காலையில் போவதில் சிரமமில்லை. ராத்திரி கடை சாத்துகிற நேரமும் பஸ் வருகிற நேரமும்தான் ஒத்துப்போகாது. தீபாவளி, பொங்கல் சமயம் என்றால் கேட்கவே வேண்டாம். "என்னங்க, எனக்குன்னு ஒரு வண்டி இருந்தா யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்ல" என்றார். சரி, பார்ப்போம் என்று கிளம்பினோம்.

வண்டி வாங்கப் போகிறோம் என்று தெரிந்ததும் சொந்தபந்தம் முழுக்க யோசனை சொல்ல வந்துவிட்டது. மச்சான், திரும்ப விற்றாலும் நல்ல விலை போகிற ஆக்டிவாவை வாங்கச் சொன்னார். என் மாமனார் அந்தக் காலத்து டிவிஎஸ் ஃபிஃப்டியில் நெல் மூட்டையே ஏற்றியவர். எக்ஸெல் போதுமே, எதற்கு ஸ்கூட்டர் என்றார். தங்கச்சி மகன் மின்சார வண்டிதான் வாங்க வேண்டும் என்று நின்றான். எல்லாருமே அக்கறையோடுதான் பேசினார்கள். விலை, மைலேஜ், சர்வீஸ் என்று ஒன்றையும் விடவில்லை. ஓட்டப் போகிறவரின் உயரம் மட்டும் அந்தப் பேச்சில் வரவேயில்லை. ஷோரூமிலும் அதே கதைதான். "சார், என்ன பட்ஜெட்? சார், என்ன கலர்?" என்று விற்பனையாளர் கேட்டதெல்லாம் என்னிடம்தான்.

என் மனைவி ஐந்தடிக்கு ஒரு விரற்கடை குறைவு. அவர் எந்த வண்டியிலும் முதலில் ஏறி உட்கார்ந்துதான் பார்த்தார். தினமும் போடுகிற செருப்போடு, தினமும் கட்டுகிற சேலையோடு உட்கார்ந்தார். இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையில் ஊன்றுகிறதா, இல்லை நுனிவிரல் மட்டும்தான் படுகிறதா? ஓடுகிற வண்டி தன்னால் நிமிர்ந்து நிற்கும். வேகம் குறைந்து நிற்கப் போகிற அந்த ஒரு நொடியில்தான் அது சாயப் பார்க்கும். அப்போது தாங்குவது கால் மட்டுமே.

காகிதத்தில் போட்டிருக்கும் அளவை மட்டும் நம்பினால் இங்கே ஏமாந்து போவோம். ஸ்கூட்டி பெப் பிளஸ் 93 கிலோ. ஆக்டிவாவும் ஜூபிட்டரும் 105 கிலோவை ஒட்டி வரும். யமஹா ஃபசினோ 99 கிலோதான். எடை குறைவு என்று அதைப் பார்த்தால் இருக்கையின் உயரம் 780 மில்லிமீட்டர். ஜூபிட்டரில் 765. அதாவது கனம் குறைந்த வண்டியில் கால் எட்டாமல் போகலாம், கனமான வண்டியில் எட்டலாம். இருக்கை அகலமாக இருந்தால் தொடை விரிந்து, எட்டுகிற காலும் எட்டாது. அந்த அகலத்தை விளம்பரத் தாளில் யாரும் அச்சடிப்பதில்லை. ஏறி உட்கார்ந்தால்தான் தெரியும்.

அடுத்து அவர் வண்டியைத் தள்ளிப் பார்த்தார். செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகள் உங்களுக்குத் தெரியும், தெருவைவிட உயர்ந்த தளம், வாசலில் படி. ராத்திரி வண்டியை உள்ளே ஏற்ற, படிமேல் பலகை போட்டுத் தள்ள வேண்டும். காலையில் பின்பக்கமாக இறக்க வேண்டும். ஓட்டுவதைவிட இதற்குத்தான் தெம்பு வேண்டும். அதனால் ஷோரூமின் சரிவுப் பாதையில் வண்டியை அணைத்துவிட்டு, யாரும் கை கொடுக்காமல், ஏற்றி இறக்கிப் பார்த்தார். நடு ஸ்டாண்டும் போட்டுப் பார்த்தார். கையால் தூக்குவதைவிட ஸ்டாண்டின் கொம்பில் முழு எடையையும் வைத்து மிதித்தால் வண்டி தானே ஏறிவிடும். அதை அங்கே ஒரு பெண் மெக்கானிக் சொல்லிக் கொடுத்தார்.

எங்கள் ஊரில் தார்ச்சாலையை விட்டு இறங்கினால் செம்மண். மழைக்காலத்தில் கண்மாய்க் கரை வழுக்கும். பத்து அங்குலச் சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறுவதற்கும் பன்னிரண்டு அங்குலச் சக்கரம் ஏறுவதற்கும் வித்தியாசம் உண்டு. பிரேக்கைப் பற்றி ஒரு நல்ல செய்தி: 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசி வரையுள்ள புது வண்டிகளில் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் பிரேக் அல்லது ஏபிஎஸ் கட்டாயம். பழைய வண்டி வாங்குகிறவர்கள் அது எந்த வருஷத்து வண்டி என்று இதற்காகவே பார்க்க வேண்டும். பின்சக்கரத்தில் சேலை சிக்காமல் இருக்கத் தடுப்பு இருக்க வேண்டும் என்பதும் 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே உள்ளது. அந்தத் தடுப்பைக் கழற்றிப் போட்ட பழைய வண்டிகள் நிறையக் கிடக்கின்றன. மாட்டாமல் வாங்காதீர்கள்.

தன் வண்டி தனக்கு எப்படி இருக்க வேண்டும் என்பது ஓட்டுகிற பெண்ணுக்குத் தெரியும் என்பதற்கு, பக்கத்து மாவட்டமே சாட்சி. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் ஓட்டுவதற்குத் துணை நின்றார். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார். ஆயிரமாயிரம் கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோக, பெண்கள் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கினார்கள். சிலர் அதையே விரும்பியும் கேட்டார்களாம். காரணம், இருக்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவிலுள்ள அந்தக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம். பெண்களுக்கு இதுதான் ஏற்றது என்று வடிவமைத்த ஆலைக்குத் தோன்றாதது, குழந்தையோடு வெளியே போக வேண்டிய தாய்க்குத் தோன்றியது. எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

பிறகு ஸ்கூட்டருக்கும் உதவி வந்தது: 2018 பிப்ரவரி 24 அன்று சென்னையில் அம்மா இருசக்கர வாகனத் திட்டம் தொடங்கியது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய், இதில் எது குறைவோ அது மானியம். மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கு 31,250 வரை. வண்டி 125 சிசிக்கு மேல் போகக் கூடாது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அப்போது வண்டி வாங்கியவர்களைத் திருப்பத்தூர் கடைவீதியில் இன்றைக்கும் பார்க்கலாம். அந்தத் திட்டம் இப்போது இல்லை. அப்படி ஒன்று திரும்ப வர வேண்டும் என்பதே என் விருப்பம். இலவசப் பேருந்து ஓடாத நேரமும் பாதையும் கிராமங்களில் உண்டு.

மின்சார வண்டியை நாங்கள் ஒதுக்கிவிடவில்லை. நம் ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பிற பகுதிகளிலும் செய்கிற வண்டிகளே நாடு முழுக்க ஓடுகின்றன. அன்றாடம் இருபது கிலோமீட்டருக்குள் போய் வருகிறவர்களுக்கு அது பொருத்தம்தான். ஆனால் லைசென்ஸ் வேண்டாம், பதிவும் வேண்டாம் என்று சொல்லி விற்கிற வண்டி மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாதது. லாரியும் பஸ்ஸும் ஓடுகிற நெடுஞ்சாலையில் ராத்திரி அந்த வேகத்தில் போக என் மனைவி சம்மதிக்கவில்லை. அவர் சொன்னது சரி.

கடைசியில் என்ன வண்டி வாங்கினோம் என்பதை இங்கே சொல்லவில்லை. அவர் உயரத்துக்கும் எங்கள் வாசல் படிக்கும் பொருந்தியது உங்களுக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. அவர் எல்எல்ஆர் எடுத்து, முப்பது நாள் கழித்து, எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கினார் என்பதைச் சந்தோஷமாகச் சொல்கிறேன்.

இன்னும் ஒன்று, இதை ஆண்கள் கவனமாகக் கேளுங்கள். நம் வீடுகளில் மனைவி ஓட்டுகிற வண்டியும் கணவன் பெயரில் பதிவாவது வழக்கமாகிவிட்டது. வண்டி இன்சூரன்ஸில் உரிமையாளருக்கென்று 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு உண்டு. அது, லைசென்ஸ் உள்ள உரிமையாளரே ஓட்டும்போது நடக்கிற விபத்துக்குத்தான். ஆர்சி புத்தகத்தில் கணவர் பெயர் இருந்து, மனைவி ஓட்டிப் போய் விபத்தில் சிக்கினால், அந்தத் தொகையில் ஒரு ரூபாய்கூட அவருக்கு வராது. தினமும் சாலையில் போகிறவர் அவர், காப்பீடு வீட்டில் இருப்பவருக்கு.

ஆகவே, வண்டி வாங்கப் போகும்போது ஓட்டப் போகிறவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் உட்கார்ந்து, தள்ளி, ஓட்டிப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகு முன்பணம் கட்டுங்கள். பதிவு விண்ணப்பத்தில் அவர் பெயரையே எழுதுங்கள். தலைக்கவசம் வண்டியோடு சேர்த்து அன்றைக்கே வாங்குங்கள், பின்னால் உட்காருகிறவருக்கும் ஒன்று.